துடிக்கும் இதயத்தை அசையாமல் படம் பிடிப்பது எப்படி? சி.டி. கரோனரி ஆஞ்சியோகிராம்: ஓர் எளிய அறிமுகம்

டாக்டர் ‘சி.டி. கரோனரி ஆஞ்சியோகிராம்’ என்று எழுதிக் கொடுத்ததும் பலருக்கு வரும் முதல் பயம், தொடையிலோ மணிக்கட்டிலோ குழாயைச் செலுத்தி இதயம்வரை கொண்டுபோவார்களே, அதுதானோ இது என்பது. அது வேறு. இதில் உடம்புக்குள் போவது கைநரம்பில் போடும் ஓர் ஊசியும் அதன் வழியே ஏற்றும் சாயமும்தான். ஸ்கேன் மேசையில் படுத்திருக்கும் நேரம் பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். எக்ஸ்ரே பாயும் நேரம் சில விநாடிகள்; சில கருவிகளில் ஒரு விநாடிகூட ஆகாது. ஆனால் அந்தச் சில விநாடிகளுக்காக மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் உட்காரவைப்பார்கள், நாக்கின் அடியில் மருந்து அடிப்பார்கள், மூச்சைப் பிடிக்கப் பழக்குவார்கள். இவையெல்லாம் எதற்கு என்று தெரிந்தால் ஸ்கேனுக்கு ஒத்துழைப்பதும் சுலபம், கையில் வரும் அறிக்கையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் விளங்கும்.

எல்லாச் சிக்கலும் நேரத்தில்தான்

இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகள் இதயத்தின் மேற்பரப்பில் ஓடுகின்றன. தொடங்கும் இடத்தில் 3 முதல் 5 மி.மீ. விட்டம் இருக்கும், நுனியை நெருங்கும்போது 1 மி.மீ. ஆகிவிடும். இன்றைய சி.டி. கருவிகள் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டுகின்றன. அசையாத உறுப்புக்கு இது தாராளம். கரோனரி தமனியோ ஒவ்வொரு துடிப்புக்கும் இடம் மாறுகிறது. அதிலும் வலது கரோனரி தமனியின் நடுப்பகுதி மற்றவற்றைவிட வேகமாக அசையும். படம் கலங்கினால் முதலில் கலங்குவது அங்கேதான்.

சுழலும் மின்விசிறியைப் படமெடுத்தால் இறக்கை தெரியாது, வட்டமாக ஒரு மங்கல்தான் விழும். வழி இரண்டு: கேமராவின் வேகத்தைக் கூட்டலாம், அல்லது விசிறியின் வேகத்தைக் குறைக்கலாம். இதய சி.டி.யில் இரண்டையும் செய்கிறார்கள்.

முதலில் கேமரா. சி.டி. கருவியின் வளையத்துக்குள் எக்ஸ்ரே குழாய் ஒரு பக்கமும், அதற்கு எதிரே கதிர்களை அளக்கும் உணரிகளும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து உங்களைச் சுற்றிவருகின்றன. இதய ஸ்கேனுக்கு ஏற்ற கருவிகளில் ஒரு முழுச் சுற்றுக்கு 0.25 முதல் 0.35 விநாடி ஆகும். ஒரு படத்தை உருவாக்க அரைச் சுற்றின் தகவல் போதும். ஆக, 0.28 விநாடிக்கு ஒரு சுற்று சுற்றும் கருவி ஒரு படத்துக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் 140 மில்லிவிநாடி. அந்த 140 மில்லிவிநாடியும் தமனி அசையாமல் இருக்க வேண்டும். 2005 முதல் இரண்டு எக்ஸ்ரே குழாய்களைக் கிட்டத்தட்ட செங்கோணத்தில் பொருத்திய கருவிகளும் வந்தன. அவற்றுக்குக் கால் சுற்றே போதும் என்பதால் இந்த நேரம் 70 மில்லிவிநாடிக்குப் பக்கமாக இறங்கிவிடுகிறது.

இனி இதயம். நிமிடத்துக்கு 60 முறை துடித்தால் ஒரு துடிப்புக்கு 1000 மில்லிவிநாடி. இதில் இதயம் சுருங்க ஏறக்குறைய 300 போகும், மீதி நேரம் விரிந்து ரத்தம் நிரம்புவதற்கு. அந்த நிரம்பும் கட்டத்தின் நடுவில், அதாவது துடிப்பின் 70 முதல் 80 சதவீதம் கடந்த நிலையில், இதயம் சற்று நேரம் கிட்டத்தட்ட அசைவற்று நிற்கிறது. படம் எடுக்க அதைவிட நல்ல சமயம் இல்லை. துடிப்பு வேகம் கூடும்போது சுருங்கும் நேரம் கொஞ்சம்தான் குறையும், ஓய்வு நேரம்தான் பெருமளவு வெட்டுப்படும். நிமிடத்துக்கு 100 என்றால் ஒரு துடிப்புக்கு மொத்தமே 600 மில்லிவிநாடி. நடுவில் இருந்த அமைதி காணாமல் போய்விடும். அப்போது டெக்னீஷியன் வேறு வழியின்றி சுருக்கம் முடியும் தறுவாயில், 40 சதவீதத்தை ஒட்டி வரும் குட்டி இடைவெளியைத் தேடிப்போவார். எனவே ஒற்றைக் குழாய் கருவியில் துடிப்பை 60–65க்குக் கீழே கொண்டுவந்து எடுக்கத்தான் பார்ப்பார்கள்.

மார்பில் ஒட்டும் மூன்று நான்கு ஈ.சி.ஜி. ஒட்டுகளின் வேலையும் இதுவே. ஈ.சி.ஜி. கோட்டில் உயரமாக நிற்கும் கூர்முனையை ஆர் அலை என்பார்கள். கருவி அதைப் பார்த்து, அடுத்த துடிப்பு எப்போது வரும், அதில் 75 சதவீதம் எந்தக் கணத்தில் விழும் என்று கணக்கிட்டு, அந்த நேரத்தில் மட்டும் எக்ஸ்ரேயைப் பாய்ச்சுகிறது. ஒட்டு சரியாகப் பதியாமல் கோடு நடுங்கினால் கருவி தப்பான அலையை ஆர் என்று எடுத்துக்கொள்ளும். மற்ற எல்லாம் சரியாக நடந்தும் படம் பாழாகும். வியர்வையைத் துடைத்து, தேவைப்பட்டால் முடியை மழித்து ஒட்டுவதில் டெக்னீஷியன் பிடிவாதமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கருவியின் அகலமும் ஒரு கணக்கு. உயரவாக்கில் இதயம் 12 முதல் 14 செ.மீ. இருக்கும். 64 வரிசை உணரிகள் கொண்ட கருவி ஒரு தடவைக்கு 3 முதல் 4 செ.மீ. மட்டுமே பார்க்கும். ஆகையால் நாலைந்து துடிப்புகளில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டவேண்டும். நடுவில் ஒரு துடிப்பு முன்கூட்டியே வந்துவிட்டால் துண்டுகள் பொருந்தாது. தமனி படிக்கட்டுபோல உடைந்து தெரியும். அதை அடைப்பு என்று நினைத்து ஏமாறக்கூடாது என்பது படம் படிப்பவர்களுக்கு முதல் பாடம். 320 வரிசை கொண்ட கருவி 16 செ.மீ. அகலத்தை ஒரே துடிப்பில் எடுத்துவிடுவதால் இந்த ஒட்டுவேலையே இல்லை.

அந்த மாத்திரை, அந்த ஸ்பிரே

துடிப்பைக் குறைக்கப் பொதுவாகக் கொடுப்பது மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்: வாய்வழியாக 50 முதல் 100 மி.கி., ஸ்கேனுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு. அதன்பிறகும் இறங்கவில்லை என்றால் நரம்பு வழியே 5 மி.கி. வீதம், ஈ.சி.ஜி.யையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். கடுமையான ஆஸ்துமா, இதய மின்கடத்தலில் தடை, கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு, ஏற்கெனவே குறைவாக உள்ள ரத்த அழுத்தம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் இந்த மருந்து ஆகாது. சிலருக்கு மாற்றாக இவாப்ரடின் தருவதுண்டு. ஆகவே ஆஸ்துமா இருப்பதைக் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரைதானே என்று வீட்டிலேயே போட்டுக்கொண்டு வருவது ஆபத்து. ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் எடுப்பவர்கள் ‘ஸ்கேனுக்கு வெறும் வயிறு’ என்று நினைத்து அன்று அதை விட்டுவிடுவதும் நடக்கிறது. அன்றைக்குத்தான் அது மிகவும் தேவை.

காபி, டீ, எனர்ஜி பானங்களை 12 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வதும் துடிப்புக்காகத்தான். பரிசோதனைக்கு முன் 3–4 மணி நேரம் திட உணவு வேண்டாம் என்பார்கள். தண்ணீருக்குப் பொதுவாகத் தடை இருக்காது, குடித்துவிட்டு வருவதே நல்லது; நரம்பும் எளிதாகக் கிடைக்கும்.

ஸ்பிரே நைட்ரோகிளிசரின். நாக்கின் அடியில் 0.4 முதல் 0.8 மி.கி., ஸ்கேனுக்கு ஐந்து நிமிடம் முன். தமனியை விரியவைத்துச் சின்னக் கிளைகளையும் பார்வைக்குக் கொண்டுவருவது இதன் வேலை. கொஞ்ச நேரம் தலை வலிக்கலாம். ஆனால் ஆண்மைக் குறைவுக்கான மாத்திரைகளில் சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள், தடாலாஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள் இதைக் கொடுத்தால் ரத்த அழுத்தம் அபாயமான அளவுக்குச் சரியும். கூச்சப்பட்டு இதை மறைப்பவர்கள் உண்டு. குடும்பத்தார் பக்கத்தில் இருந்தால் நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டாவது சொல்லிவிட வேண்டும்.

சாயம் ஏன், எப்போது

சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அடர்த்தி எண் உண்டு. சி.டி.யைக் கண்டுபிடித்து 1979-ல் ஆலன் கார்மாக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரே அந்த அலகுக்கும். தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000. ரத்தம் 40 வாக்கில் நிற்கும். தசையும் ஏறத்தாழ அங்கேதான். எனவே வெறும் சி.டி.யில் தமனிக்குள் ஓடும் ரத்தத்தையும் அதன் சுவரையும் பிரிக்க முடியாது. அயோடின் கலந்த சாயம் ஏறினால் ரத்தத்தின் எண் 300க்கு மேல் போய்விடும். சுவர் 40-லேயே நிற்கும். குழாயின் உள்வடிவம் பளிச்சென்று தெரியும்.

சாயத்தின் அளவு 50 முதல் 100 மி.லி. அதைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் பயனில்லை. விநாடிக்கு 4 முதல் 6 மி.லி. வேகத்தில் இயந்திரப் பம்பு தள்ளும். பின்னாலேயே 40 மி.லி. அளவு சலைன் போகும். இந்த வேகத்தைத் தாங்க முழங்கை மடிப்பில், முடிந்தால் வலது கையில், 18 அல்லது 20 கேஜ் பருமனுள்ள வென்ஃப்ளான் (நரம்பிலேயே விட்டுவைக்கும் ஊசிக்குழாய்) வேண்டும். புறங்கையில் போட்ட மெல்லிய ஊசி இதற்குச் சரிவராது. நரம்பு கிழிந்து சாயம் தோலுக்கடியில் பரவினால் கை வீங்கி எரியும். ஊசி போட்ட இடத்தில் கூர்மையான வலியோ இறுக்கமோ வந்தால் உடனே குரல் கொடுங்கள். உடம்பு முழுக்க வெப்பம் பரவுவதும், சிறுநீர் கழித்துவிட்டதுபோலத் தோன்றுவதும் சாயத்தின் வழக்கமான குணம். அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயத்தில் துடிப்பு ஏறும். பாடுபட்டு இறக்கியது வீணாகும்.

கையில் ஏறிய சாயம் இதயத்தின் வலப்பக்கம், நுரையீரல், இடப்பக்கம் வழியாக மகாதமனிக்கு வந்துசேர 15 முதல் 25 விநாடி ஆகும். ஆளுக்கு ஆள் மாறும். இதயம் பலவீனமாக இருந்தால் இன்னும் தாமதமாகும். அதனால் மகாதமனியில் ஒரு புள்ளியைக் குறித்துவைத்து, குறைந்த கதிர்வீச்சில் விநாடிக்கொரு முறை பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அங்கே எண் 100–150 தாண்டியதும், சில விநாடி விட்டு ஸ்கேன் தொடங்கும். முந்தினால் இதய அறைகள் வெளுக்கும், கரோனரி மங்கலாக நிற்கும். பிந்தினால் தமனியோடு சிரைகளும் வெளுத்து இரண்டும் குழம்பும். பின்னால் போகும் சலைன், கையிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரையில் தேங்கும் அடர்ந்த சாயத்தை அலசிவிடுகிறது. அலசாவிட்டால் அங்கிருந்து கிளம்பும் ஒளிக்கீற்றுகள் வலது கரோனரியின் மேல் விழும்.

இந்த இடைவெளியில்தான் ‘மூச்சை இழுத்துப் பிடியுங்கள்’ என்ற குரல் வரும். நெஞ்சு முட்ட இழுக்க வேண்டாம், முக்கால் மூச்சு போதும். முக்கி அடக்கவும் கூடாது. பிடிக்கவேண்டியது 5 முதல் 10 விநாடிதான். முன்னதாக இரண்டு முறை பழகிப்பார்த்தால், மூச்சைப் பிடிக்கும்போது உங்கள் துடிப்பு எப்படி மாறுகிறது என்பதையும் டெக்னீஷியன் கவனித்துவிடுவார்.

சாய ஒவ்வாமை பற்றி ஒன்று. மீன், இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அயோடின் சாயமும் ஆகாது என்பது பரவலான நம்பிக்கை. இரண்டுக்கும் தனிப்பட்ட தொடர்பு கிடையாது. கடலுணவு ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள புரதங்கள். முன்பு இதே வகைச் சாயத்தால் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்ததுண்டா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. சிறுநீரகத்தைப் பொறுத்தவரை வடிகட்டும் திறன் (ரத்தப் பரிசோதனை அறிக்கையில் eGFR) 30க்குக் கீழே இருந்தால் டாக்டர் மறுபடி யோசிப்பார். அப்படிப்பட்டவர்கள் சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் எடுத்தால் அதையும் நிறுத்திவைப்பார்.

சாயம் ஏற்றும் முன் வரும் கால்சியம் ஸ்கோர்

பல இடங்களில் முதலில் சாயமே இல்லாமல் ஒரு சின்ன ஸ்கேன் எடுப்பார்கள். 130க்கு மேல் எண் காட்டும் திட்டுகளைக் கால்சியம் என்று கொண்டு, ஒவ்வொன்றின் பரப்பையும் அடர்த்திக்கேற்ப 1 முதல் 4 வரையுள்ள எண்ணால் பெருக்கிக் கூட்டுவார்கள். 1990-ல் வெளியான இந்த முறைக்கு அகட்ஸ்டன் ஸ்கோர் என்று பெயர். 0 என்றால் கால்சியம் இல்லை. 100க்கு மேல் மிதமானது. 400க்கு மேல் அதிகம். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தேவையா என்று முடிவெடுக்க இந்த ஒற்றை எண் பெரிதும் உதவுகிறது. ஆனால் 0 வந்தால் அடைப்பே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. கால்சியம் படியாத மென்மையான கொழுப்புப் படிவு இதன் கண்ணுக்குத் தப்பிவிடும். நெஞ்சுவலியோடு வரும் இளவயதுக்காரரிடம் இதை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதி அடைவது தவறு.

அறிக்கையில் என்ன எழுதியிருக்கும்

வண்ணத்தில் இதயம் சுழலும் முப்பரிமாணப் படத்தைத்தான் எல்லோரும் ஆவலாகப் பார்ப்பார்கள். நோயைக் கண்டறிய அதனால் பயன் குறைவு. ரேடியாலஜிஸ்ட் பார்ப்பது கறுப்பு வெள்ளையில், ஒவ்வொரு தமனியையும் அதன் வளைவு நெளிவைப் பின்பற்றி நேராக்கி நீட்டிய படத்தையும், குறுக்குவெட்டுகளையும்.

முடிவை காட்-ராட்ஸ் என்ற அளவுகோலில் தருவது வழக்கமாகிவருகிறது. 0 என்றால் ஒன்றுமில்லை. 1 என்றால் தமனியின் உள்விட்டச் சுருக்கம் 25 சதவீதத்துக்குக் கீழே, 2 என்றால் 25–49, 3 என்றால் 50–69. 4ஏ என்றால் ஒன்றிரண்டு தமனிகளில் 70–99. 4பி என்றால் இடது முதன்மைத் தமனியில் 50 அல்லது அதற்கு மேல், அல்லது மூன்று தமனிகளிலும் 70 அல்லது அதற்கு மேல். 5 என்றால் முழு அடைப்பு. ‘N’ (என்) என்ற எழுத்து வந்தால் படம் தெளிவில்லை என்று பொருள். ‘நார்மல்’ என்று நினைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள், கவனம்.

இந்தப் பரிசோதனை ‘அடைப்பு இல்லை’ என்று சொன்னால் உறுதியாக நம்பலாம். ‘அடைப்பு இருக்கிறது’ என்று சொன்னால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கால்சியக் கட்டி படத்தில் தன் உண்மையான அளவைவிடப் பருத்துத் தெரியும். அரை மில்லிமீட்டர் புள்ளியில் ஒரு ஓரம் பட்டாலும் புள்ளி முழுவதும் வெளுத்துவிடுவதால் வரும் வினை இது. அதனால் 40 சதவீதச் சுருக்கம் 70 போலத் தோன்றலாம். தமனியைத் திறந்துவைக்கப் பொருத்தும் ஸ்டென்ட்டின் உலோகமும் இதையே செய்யும், 3 மி.மீ.க்குக் குறைந்த ஸ்டென்ட்டின் உள்ளே பார்ப்பது கடினம். கால்சியம் ஸ்கோர் மிக அதிகமாக வந்தால், மீதி ஸ்கேனை நிறுத்திவிட்டு வேறு பரிசோதனைக்கு அனுப்புவதும் உண்டு. அதில் குற்றம் காண எதுவும் இல்லை.

சுருக்கம் இருப்பதாலேயே ரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்றும் ஆகாது. 50 முதல் 70 சதவீதத்தில் நிற்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் அதிகம். அதைத் தீர்க்க, எடுத்த சி.டி. படத்தையே வைத்துக்கொண்டு திரவ இயக்கச் சமன்பாடுகளால் அடைப்புக்கு அப்பால் அழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று கணினியில் கணக்கிடும் முறை இருக்கிறது. அடைப்புக்கு அப்பாலுள்ள அழுத்தத்தை அதற்கு முன்னுள்ள அழுத்தத்தால் வகுத்த விகிதம் 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று கொள்வார்கள். கலங்கிய படத்தை வைத்து இந்தக் கணக்கும் போட முடியாது. திரும்பவும் துடிப்பு வேகத்துக்கே வந்து நிற்கிறோம்.

சி.டி.யின் இன்னொரு பலம், ஓட்டத்தைத் தடுக்காத படிவையும் காட்டிவிடுவது. குழாய் விட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராம் உள்வடிவத்தை மட்டுமே காட்டும். சுவர் வெளிப்புறமாகப் புடைத்துக் கொழுப்பு சேர்ந்திருந்தால் அதில் தப்பிவிடும். ஸ்காட்லாந்தில் 4,146 நெஞ்சுவலி நோயாளிகளிடம் நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வின் 5 ஆண்டு முடிவு 2018-ல் வந்தது. வழக்கமான பரிசோதனைகளோடு சி.டி.யும் எடுத்தவர்களில் இதயநோய் மரணமோ மாரடைப்போ கண்டவர்கள் 2.3 சதவீதம், எடுக்காதவர்களில் 3.9 சதவீதம். ஸ்டென்ட் கூடுதலாக வைத்ததால் வந்த வித்தியாசமாக இது தெரியவில்லை. படிவைக் கண்ணால் பார்த்த டாக்டர்கள் தடுப்பு மருந்தைத் தொடங்கியதே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

கதிர்வீச்சும் அடுத்த தலைமுறையும்

துடிப்பு முழுவதும் எக்ஸ்ரேயை ஓடவிட்டு, பிறகு நல்ல கணத்தைப் பொறுக்கும் பழைய முறையில் கதிர்வீச்சு 10 மில்லிசீவர்ட்டுக்கு (கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் போகும். அமைதியான கணத்தில் மட்டும் பாய்ச்சினால் 2 முதல் 5. இரட்டைக் குழாய் கருவியில் ஒரே துடிப்பில் வேகமாக வாரி எடுத்தால் 1க்கும் கீழே கொண்டுவர முடியும். இயற்கையிலிருந்தே ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வருகிறது என்பதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். துடிப்பு குறைவாகவும் சீராகவும் இருந்தால்தான் குறைந்த கதிர்வீச்சு முறையைத் துணிந்து தேர்ந்தெடுக்க முடியும். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் முன்பே சொல்லியாக வேண்டும்.

2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபோட்டான் கவுண்டிங் சி.டி. இன்னொரு படி. சாதாரண உணரி எக்ஸ்ரேயை முதலில் ஒளியாக்கி, பிறகு மின்சைகையாக்கும். புதியதில் காட்மியம் டெலுரைடு படிகம் ஒவ்வொரு கதிர்த்துகளையும் நேரடியாக எண்ணி, அதன் ஆற்றலையும் குறித்துக்கொள்கிறது. நுணுக்கம் 0.2 மி.மீ. வரை இறங்குவதால் கால்சியமும் ஸ்டென்ட்டும் பருத்துத் தெரிவது நன்றாகவே குறைகிறது.

எல்லாக் கேள்விக்கும் சி.டி. பதில் தராது. வால்வு கசிவுக்கு எக்கோ போதும். மாரடைப்புக்குப் பின் தசையில் எவ்வளவு தழும்பு என்று பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். ஈ.சி.ஜி.யில் மாற்றத்தோடு நெஞ்சுவலி நடந்துகொண்டிருந்தால் சி.டி.க்கு வரிசையில் நிற்காமல் குழாய் விட்டு ஆஞ்சியோகிராம் எடுக்கும் கேத் லேபுக்கு நேராகப் போகவேண்டும்.

ஸ்கேன் முடிந்ததும் ஊசியை உடனே எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்காரவைப்பார்கள். ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள் வந்துவிடும். பீட்டா பிளாக்கரும் நைட்ரோகிளிசரினும் சேர்ந்து எழுந்தவுடன் தலைசுற்றவைக்கலாம், மெதுவாக எழுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்கலாம். கிளம்பும்போது அறிக்கையோடு முழுப் படத்தொகுப்பையும் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அச்சிட்ட ஃபிலிமில் இருப்பது நூற்றுக்கணக்கான படங்களில் பொறுக்கிய சில. இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போனால் அவருக்குத் தேவைப்படுவது அந்த முழுத் தொகுப்பு.